துக்கம் யாருக்குச் சொந்தம்?

'சாகப் போகிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லுகிறவனைவிட, தலைவலிக்கு விழுங்குகிற ஒரு சாதாரண மாத்திரையின் பெயரைச் சொல்லுகிறவன் அதிக ஆபத்தில் இருக்கிறான். இந்த உண்மையை முதலில் எனக்குச் சொன்னது எந்த வைத்தியரும் இல்லை, எந்த நாவலும் இல்லை. ஒரு யந்திரம் கண்டுபிடித்த சங்கதி இது.

அமெரிக்காவில் 'கிரைசிஸ் டெக்ஸ்ட் லைன்' என்று ஒரு தரும ஸ்தாபனம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டில் ஆரம்பித்தார்கள். மனம் உடைந்துபோனவர்கள், உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணுகிறவர்கள், வீட்டில் அடிபடுகிற குழந்தைகள் - இவர்கள் எந்த நேரத்திலும் செல்போனிலிருந்து ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும். மறுமுனையில் பயிற்சி பெற்ற தொண்டர் ஒருவர் பதில் எழுதுவார். குரல் வெளியே கேட்கக் கூடாது என்ற நிலையில் இருக்கிறவர்களுக்கு, பக்கத்து அறையிலேயே அடிக்கிற அப்பனை வைத்துக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு, இதைவிடப் பெரிய உபகாரம் வேறு என்ன இருக்க முடியும்?

ஆனால் எழுதுகிறவர்கள் ஆயிரம் பேர். தொண்டர்களோ கொஞ்சம் பேர். ரேஷன் கடை மாதிரி முன்னால் வந்தவருக்கு முதலில் என்று வைத்துக்கொண்டால், வரிசையின் கடைசியில் நிற்கிறவன் அதற்குள் போய்விடுவான். ஆகவே அவர்கள் யந்திரத்தைத் துணைக்கு அழைத்தார்கள். இயந்திரக் கற்றல் என்கிறார்கள் இதை. பெயரைக் கேட்டதும் பயந்துவிட வேண்டாம். பழைய சம்பாஷணைகள் அத்தனையையும் யந்திரத்திடம் கொடுக்கிறார்கள். எந்தெந்தச் சம்பாஷணை கடைசியில் ஆம்புலன்ஸை அழைப்பதில் போய் முடிந்தது என்பதையும் கூடவே சொல்லுகிறார்கள். யந்திரம் எண்ணுகிறது. எந்த வார்த்தை எத்தனை தடவை, எந்த முடிவோடு சேர்ந்து வந்தது என்று எண்ணிக்கொண்டே போகிறது. அப்புறம் புதிதாக ஒருவன் எழுதினால், இவன் பேச்சு எந்த ஜாதிப் பேச்சு என்று கணக்குப் பார்த்து, 'இவனை முதலில் கவனி' என்று வரிசையில் முன்னே தள்ளிவிடுகிறது. அப்படி எண்ணும்போது கிடைத்ததுதான் மாத்திரை விஷயம். 'தற்கொலை' என்ற வார்த்தையைவிட அந்த மாத்திரையின் பெயர் பன்மடங்கு அபாய அறிகுறியாக இருந்ததாம்.

இதைப் படித்தபோது கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. வாஸ்தவமான பேச்சல்லவா? சாவைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறவன் சாவைப் பற்றிப் பேசுவான். முடிவு செய்துவிட்டவனோ சாமான்களைப் பற்றித்தான் பேசுவான். ஊருக்குப் போகலாமா என்று நினைக்கிறவன் ஊரைப் பற்றிப் பேசுகிறான். கிளம்பிவிட்டவன் பஸ் நேரத்தைக் கேட்கிறான். இருபது வருஷம் மனுஷர்களைக் கவனித்து எழுதுகிற எனக்கு இது தோன்றவில்லை. எண்ணுவதைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு யந்திரத்துக்குத் தட்டுப்பட்டுவிட்டது.

ஆகவே யந்திரம் எப்படி மனத்தைப் புரிந்துகொள்ளும், இதெல்லாம் கலியின் கூத்து என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள எனக்குச் சம்மதமில்லை. ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நல்ல நர்ஸ் என்ன செய்வாள்? கத்துகிறவனை விட்டுவிட்டு, மூலையில் சத்தமில்லாமல் சாய்ந்து கிடக்கிறவனிடம் ஓடுவாள். அந்த நர்ஸின் கண்ணை யந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். முன்னால் அழுதவர்களின் கண்ணீர், பின்னால் அழப்போகிறவர்களைக் காப்பாற்றுகிறது. இதிலே அதர்மம் எங்கே இருக்கிறது?

இதுவரையில் ஒன்றும் இல்லை. அதற்கு மேல்தான் கதை.

2018-ஆம் ஆண்டில் அந்த ஸ்தாபனத்திலிருந்து 'லோரிஸ்' என்று லாபத்துக்கான ஒரு கம்பெனி பிறந்தது. கம்பெனிகளின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுகள் இருக்கின்றனவே, வாங்கிய சாமான் சரியில்லை என்று நாம் கோபத்தோடு பேசுகிற இடம், அங்கே வேலை செய்கிறவர்கள் கோபக்கார வாடிக்கையாளரிடம் எப்படி இதமாகப் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் மென்பொருள் அவர்களுடைய சரக்கு. அந்த இதத்தை எங்கிருந்து கற்றது? நள்ளிரவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதினவர்களின் சம்பாஷணைகளிலிருந்து. பெயர், அடையாளம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத்தான் கொடுத்தார்கள். வருமானத்தில் ஒரு பங்கு தரும ஸ்தாபனத்துக்குத் திரும்பி வரவேண்டும் என்பது ஏற்பாடு.

2022 ஜனவரி 28-ஆம் தேதி 'பொலிட்டிக்கோ' பத்திரிகை இதை வெளியிட்டது. ஒரே கூச்சல். மூன்றே நாளில், அந்த மாதம் 31-ஆம் தேதி, தகவல் கொடுப்பதை நிறுத்திவிட்டதாகவும், கொடுத்ததை அழித்துவிடும்படி கம்பெனியிடம் கேட்டுக்கொண்டதாகவும் ஸ்தாபனம் அறிவித்தது.

அவர்கள் சொன்ன சமாதானங்களை நான் அலட்சியம் செய்ய மாட்டேன். மூன்று சமாதானங்கள். பெயரை எடுத்துவிட்டோம், யாருக்கும் யார் என்று தெரியாது. சம்மதம் வாங்கியிருக்கிறோம், விதிமுறைகள் அனுப்பப்படுகின்றன. கிடைக்கிற பணம் இன்னும் பலரைக் காப்பாற்றத்தான். மூன்றும் மூடத்தனமான வாதங்கள் அல்ல. ஏனென்றால் இதே மூன்று வாதங்களையும் ஒரு சமயம் நானே சொல்லியிருக்கிறேன். யந்திரம் ஏதும் இல்லாமலே, ஒரு பேனாவை மட்டும் வைத்துக்கொண்டு.

அதைச் சொல்லாமல் மேலே எழுதினால் இந்தக் கட்டுரை யோக்கியமானதாக இராது.

பல வருஷங்களுக்கு முன் நாங்கள் ஒரு வீட்டின் மாடிப் பகுதியில் குடியிருந்தோம். கீழ்ப் பகுதியில் ஓர் அம்மாள் இருந்தாள். எனக்குப் பத்து வயது மூத்தவள்; அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவன் இறந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. கரண்ட் போன ஒரு ராத்திரி, மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். என் மனைவி குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். இருட்டு எப்படியோ மனுஷர்களின் நாக்கை அவிழ்த்துவிடுகிறது. அக்கா திடீரென்று சொன்னாள்: "அன்னைக்கு அவரு வெளியே கிளம்பறப்போ ஒரு வாய் காப்பி குடுன்னாரு, தம்பி. பால் இல்லேன்னுட்டேன். பால் இருந்துச்சு. பையனுக்கு ராத்திரிக்கு வேணுமேன்னு ஒரு டம்ளர் எடுத்து வச்சிருந்தேன். சரின்னு போனாரு. ரோட்டிலேயே நெஞ்சு வலி. திரும்பி வரல்லே." கொஞ்ச நேரம் கழித்து, "இதை யாருகிட்டயும் சொன்னதில்லே" என்றாள்.

ஆறு மாதம் கழித்து நான் அதைக் கதையாக எழுதினேன். பெயரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். காப்பியை மோராக்கி, 'தயிர் உறையவில்லை' என்று பொய் சொல்லும்படி செய்தேன். பத்திரிகையில் வந்தது. நல்ல கதை என்று கடிதங்கள் வந்தன. தன் தாயாரின் சாவில் தனக்கு இருந்த குற்ற உணர்ச்சி அந்தக் கதையைப் படித்தபின் சற்றுத் தணிந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் அக்கா மாடிக்கு வந்தாள். கையில் அந்தப் பத்திரிகை. கோபமாகப் பேசவில்லை. "பேரை மாத்திட்டீங்க, ஊரை மாத்திட்டீங்க, பாலை மோராக்கிட்டீங்க. யாருக்கும் தெரியாது, சரிதான். ஆனா தம்பி, நான் உங்ககிட்டத்தானே சொன்னேன்?" என்றாள்.

அதற்குப் பிறகும் எங்களோடு பேசினாள். பண்டிகைக்குப் பலகாரம் அனுப்பினாள். ஆனால் அந்த மாடிப்படியில் மட்டும் வந்து உட்காரவில்லை.

'நான் உங்ககிட்டத்தானே சொன்னேன்.' இந்த ஒரு வாக்கியத்தை நான் பல வருஷங்களாக யோசித்து வருகிறேன். அமெரிக்க ஸ்தாபனத்தின் விவகாரத்தைப் படித்தபோதுதான் அதன் அர்த்தம் எனக்கு முழுதும் விளங்கிற்று.

அக்காவுக்கு நான் செய்த தீங்கு என்ன? அவள் மானம் போகவில்லை. ஊரில் ஒருவருக்கும் தெரியாது. பொருள் நஷ்டம் இல்லை. கதையால் முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு ஆறுதல்கூடக் கிடைத்தது. லாப நஷ்டக் கணக்குப் போடுகிறவன் என்னை விடுதலை செய்துவிடுவான். ஆனாலும் தவறு நடந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அப்படியானால் தவறு எங்கே?

ஊருக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரி தன் நகைப் பெட்டியை நம் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு கல்யாணம் வருகிறது. அவளுடைய அட்டிகையை நம் வீட்டுப் பெண் போட்டுக்கொண்டு போய்விட்டு வந்து, துடைத்துப் பெட்டியில் வைத்துவிடுகிறாள். கல் உதிரவில்லை, பொன் தேயவில்லை, கல்யாணத்தில் யாருக்கும் அது யாருடைய நகை என்று தெரியாது. ஆனாலும் அது தவறு என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஏனென்றால் அவள் கொடுத்தது தானம் அல்ல, அடைக்கலம். அடைக்கலப் பொருளுக்கு ஒரே ஓர் உபயோகம்தான் உண்டு: எதற்காக ஒப்படைக்கப்பட்டதோ அது.

துக்கம் அப்படிப்பட்ட அடைக்கலப் பொருள். அதைச் சொல்லுகிறவன் தகவல் கொடுக்கவில்லை. ஓர் ஆளை நம்புகிறான். அந்த நம்பிக்கையைக் கழித்துவிட்டு, மீதமிருக்கும் சொற்களை மட்டும் பெயர் நீக்கிப் பயன்படுத்தலாம் என்று கணக்கிடுகிறவர்கள், பெயரை நீக்குவதால் சொன்னவன் நீங்கிவிடுவான் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை வரும். அப்படியானால் வைத்திய சாஸ்திரம் வளர்ந்தது எப்படி? நோயாளிகளின் கஷ்டத்தைக் கவனித்துத்தானே? இலக்கியம் முழுவதுமே பிறர் துக்கம்தானே? நீர் இனிமேல் கதை எழுதாமல் இருந்துவிடுவீரா?

இருக்க மாட்டேன். ஆகவே எனக்கே ஒரு சோதனையை வைத்துக்கொண்டிருக்கிறேன். செய்யப்போகிற காரியத்தை, துக்கத்தைச் சொன்னவரின் முகத்துக்கு நேரே, அவர் சொல்லிக்கொண்டிருக்கும் அந்த நிமிஷத்திலேயே சொல்ல முடியுமா? அவ்வளவுதான் சோதனை. அந்தத் தொண்டர் இப்படி எழுதலாம்: 'நீ சொல்வதை வைத்து, நாளைக்கு உன்னைப் போல் ஒருவர் வந்தால் அவரைச் சீக்கிரம் அடையாளம் கண்டுகொள்ளக் கற்றுக்கொள்வோம்.' அழுகிறவன் இதைக் கேட்டு வாயை மூடிக்கொள்ள மாட்டான். தன் துன்பத்துக்கும் ஒரு பிரயோஜனம் இருக்கிறதே என்றுகூட நினைப்பான். ஆனால், 'நீ சொல்வதை வைத்து, பொருள் சரியில்லை என்று சண்டைக்கு வருகிறவரைச் சமாதானப்படுத்தும் சரக்கு ஒன்று தயாரிக்கப்போகிறோம், சம்மதமா?' என்று அந்த நேரத்தில் எந்தத் தொண்டராவது கேட்க முடியுமா? கேட்க நாக்கு கூசும். நாக்கு கூசுகிற கேள்வியைத்தான் பாராப் பாராவாக நீளுகிற விதிமுறைகளுக்குள்ளே கொண்டுபோய் ஒளித்து வைக்கிறார்கள். வெள்ளத்தில் போகிறவன் கயிற்றைப் பிடிப்பதற்கு முன் கயிற்றில் கட்டியிருக்கும் பத்திரத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டான் என்று கோர்ட்டில் வேண்டுமானால் சொல்லலாம். மனச்சாட்சியிடம் சொல்ல முடியாது.

இது ஒரு ஸ்தாபனத்தின் கதை மட்டும் இல்லை. 'பெட்டர்ஹெல்ப்' என்று செல்போன் மூலம் மனநல ஆலோசனை தருகிற கம்பெனி ஒன்று. உங்கள் விவரங்கள் உங்களுக்கும் ஆலோசகருக்கும் இடையில்தான் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, வந்தவர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும், ஆரம்பக் கேள்விகளுக்கு அவர்கள் அளித்த பதில்களைப் பற்றிய விவரங்களையும் ஃபேஸ்புக் முதலிய விளம்பர வியாபாரிகளுக்குக் கொடுத்தது என்று அமெரிக்க அரசாங்கத்தின் வர்த்தக ஆணையம் 2023-இல் குற்றம் சாட்டிற்று. எதற்காகக் கொடுப்பது? 'இவர்களைப் போலவே இருக்கிற மற்றவர்களைத் தேடிக் கண்டுபிடித்து எங்கள் விளம்பரத்தைக் காட்டு' என்பதற்காக. யந்திரம் செய்கிற வேலை இரண்டிலும் ஒன்றேதான்: ஒத்திருப்பவரைக் கண்டுபிடிப்பது. முன்னது ஒத்திருப்பவரைக் காப்பாற்றக் கண்டுபிடித்தது. பின்னது விலைக்குப் பிடிக்கக் கண்டுபிடித்தது. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல் 78 லட்சம் டாலர் கட்ட இணங்கியது. அந்தப் பணத்தைச் சுமார் 8 லட்சம் பேருக்குப் பங்கிட்டார்கள். தலைக்குப் பத்து டாலர்கூடத் தேறவில்லை. துக்கத்தின் மார்க்கெட் நிலவரம் இது.

பணம்தான் பாவம், பணத்தை எடுத்துவிட்டால் எல்லாம் சரி என்று சொல்லவும் முடியவில்லை. லண்டனில் 1953-இல் ஒரு பாதிரியார் ஆரம்பித்த 'சமாரிடன்ஸ்' சங்கத்தைவிடப் பரிசுத்தமான நோக்கம் உள்ள இடம் ஒன்றைக் காட்டுவது கஷ்டம். சாக நினைப்பவர்களின் பேச்சைக் கேட்பதற்கென்றே பிறந்தது அது. அவர்கள் 2014 அக்டோபர் கடைசியில் ஒரு செயலியை வெளியிட்டார்கள். ட்விட்டரில் நீங்கள் தொடர்கிற சிநேகிதர்களின் எழுத்தை யந்திரம் கவனித்து, மனச்சோர்வின் சாயல் தெரிந்தால் உங்களுக்குத் தகவல் அனுப்பும். அந்தச் சிநேகிதருக்கோ தாம் கவனிக்கப்படுவதே தெரியாது. ஆட்சேபித்தவர்களில் பலர் மனநோயின் வேதனையை அனுபவித்தவர்கள். 'எங்களைத் துன்புறுத்துகிறவனும் எங்களைத் தொடர்கிறானே, நாங்கள் பலவீனமாக இருக்கும் நேரத்தை அவனுக்கும் அல்லவா மணியடித்துச் சொல்லிவிடுவீர்கள்?' என்று கேட்டார்கள். பத்து நாளுக்குள் செயலியை நிறுத்தினார்கள். அன்பினால் செய்த காரியம்தான். ஆனால் சொல்லாததைக் கேட்பது ஒட்டுக்கேட்பது. அன்பினால் ஒட்டுக்கேட்டாலும் அதற்குப் பெயர் ஒட்டுக்கேட்பதுதான்.

இந்த விஷயத்தின் வேர் இன்னும் பழையது. 1966-ஆம் ஆண்டு ஜோஸப் வைசன்பாம் என்ற விஞ்ஞானி 'எலைஸா' என்ற கம்ப்யூட்டர் நிரலைப் பற்றி எழுதினார். மனோவைத்தியர் பேசுவது போல அது பேசும். 'எனக்கு வருத்தமாக இருக்கிறது' என்றால், 'ஏன் வருத்தமாக இருக்கிறது?' என்று நம் வார்த்தையையே திருப்பிப் போடும்; அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அவருடைய காரியதரிசி அதோடு பேசிப் பார்த்தாள். சில வரிகள் ஆனதும், தயவு செய்து சற்று வெளியே இருங்கள் என்று வைசன்பாமை அனுப்பிவிட்டாள். யந்திரத்தை மனுஷனாக நினைத்து மயங்குகிறார்களே என்று அவருக்குத் திகில். அந்தத் திகிலிலிருந்து 1976-இல் ஒரு புஸ்தகமே பிறந்தது.

நான் அந்தக் காரியதரிசியின் பக்கம். அவள் மயங்கினாளோ என்னவோ, ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தாள். யந்திரத்திடம் அவளுக்குப் பயம் இல்லை. அவள் வெளியே அனுப்பியது யந்திரத்துக்குப் பின்னால் நின்ற மனுஷரை. எல்லோருடைய சம்பாஷணைகளையும் பதிவு செய்து பிறகு படித்துப் பார்க்கலாமா என்று வைசன்பாம் யோசனை சொன்னபோதும், அந்தரங்கத்தை வேவு பார்க்கிறீரா என்று மற்றவர்கள் சண்டைக்கு வந்தார்களாம். அறுபது வருஷத்துக்கு முன்பே சாதாரண ஜனங்களுக்குப் பிரச்னை புரிந்திருக்கிறது.

இன்றைக்கோ நாம் அந்த மனுஷரை அறையை விட்டு அனுப்ப முடிவதில்லை. அவர் எந்த ஊரில் எந்தக் கம்பெனியில் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரியாது. நம் தேசத்திலும் இது வந்துவிட்டது. பெங்களூரில் பிறந்த 'வைசா' என்ற செயலி உலகம் முழுவதும் மன ஆறுதல் சொல்லுகிறது. வரட்டும், நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு எந்த அண்ணனையும் எழுப்ப முடியாத பையனுக்கு, 'ஏன் வருத்தமாக இருக்கிறது?' என்று ஒரு யந்திரமாவது கேட்கட்டும். சென்னையில் 1986 முதல் நடந்து வருகிற 'சிநேகா' போன்ற இடங்களில் மனுஷர்களே உட்கார்ந்து கேட்கிறார்கள். அவர்கள் எண்ணிக்கை பெருகட்டும். ஆனால் கேட்பது யந்திரமோ, மனுஷரோ, கேட்டதை யார் கையில் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. யந்திரத்துக்கு வெட்கம் கிடையாது. ஆகவே அதன் சொந்தக்காரனுக்கு இரண்டு பங்கு வெட்கம் வேண்டும்.

அமெரிக்க விவகாரத்தில் என் மனத்தில் நிற்கிற பெயர் ஒன்று உண்டு: டானா பாய்ட். ஆராய்ச்சியாளர், அந்த ஸ்தாபனத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தவர். தகவலைக் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று சம்மதித்தவர்களில் ஒருவர். கூச்சல் எழுந்ததும், வக்கீல் பாஷையில் பதுங்காமல், தாம் எப்படி யோசித்தோம், எங்கே தவறினோம் என்று விவரமாக எழுதி, தவறு செய்துவிட்டேன் என்று சொன்னார். தவறு செய்வதற்கு நல்ல எண்ணமே போதும். ஒப்புக்கொள்வதற்குத்தான் தைரியம் வேண்டியிருக்கிறது.

அவருடைய எழுத்தைப் படித்த மறுநாள் நான் அக்காவுக்கு டெலிபோன் செய்தேன். இப்போது மகனோடு வேறு ஊரில் இருக்கிறாள். அந்தக் கதையை என் தொகுதியில் சேர்க்கலாமா என்று பதிப்பகத்தார் கேட்டுக்கொண்டிருந்த சமயம். பத்து வருஷத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டியதை அன்றைக்குக் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "கதை வேண்டாம், தம்பி" என்றாள். கதை தொகுதியில் இல்லை.

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது மறுபடியும் கூப்பிட்டேன். இன்னின்ன விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன், நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது, உங்கள் பேச்சு வரும், சொல்லட்டுமா என்று கேட்டேன். செல்போனில் எழுதுகிற பிள்ளைகளைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டாள். "அதுக்குன்னா எழுதுங்க" என்றாள். வைப்பதற்கு முன்னால், "மோர்னு எழுதிடாதீங்க. பால்னே எழுதுங்க" என்றாள்.

எழுதிவிட்டேன்.